நல்ல நுரையீரல்

“எதுன்னே தெரியாம அதச் சுத்தி எப்புடி அம்மிணி கோடு போடுவே?”

வேலை கிடைத்த செய்தியோடு ஊருக்குப் போயிருந்தபோது மாமா இப்படிக் கேட்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஹனூர் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் மேஸ்திரி. அப்பா அவருடைய ஆட்களில் ஒருவராக அங்கே டிரில் பிடிக்கிறார். மைசூரில் ஓர் ஆய்வுக்கூடம், அங்கே சி.டி. ஸ்கேன் படங்கள் வரும், நோய் பிடித்த இடத்தைச் சுற்றிக் கோடு வரைந்து உள்ளே நிறம் நிரப்ப வேண்டும், அப்படி வரைந்த படங்களைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் நோயை அடையாளம் காணப் பழகும் என்று நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா இன்றும் ரேஷன் கடையில் கைநாட்டுத்தான். நான் பி.எஸ்சி. முடித்து, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன். அதில் என்ன தப்பு?

“நீ டாக்டருக்கா படிச்சே?”

“இல்லீங் மாமா. பழக்கிக் குடுப்பாங்க.”

“எங்கூட்டு எருதயுந்தான் பழக்கி ஏர்ல கட்டுனேன். வெதைக்கறது ராகியா மக்காச்சோளமான்னு அதுக்குத் தெரியுமாக்கும்?”

வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, அந்த இருமல் அவரை வாசல்வரை இழுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. என் கோபமெல்லாம் மாமாமேல் இருந்தது.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவருடைய நெஞ்சின் ஸ்கேன் என்றால் ஒரே படமல்ல. முள்ளங்கியை மெல்லிய வட்டங்களாக அரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படியோ, அப்படிக் கழுத்தடியிலிருந்து விலாவின் அடிவரைக்கும் நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்கள்; ஒருவருடைய படங்கள் மொத்தத்தையும் அடுக்கு என்போம். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் உடம்புக்குள் இறங்கிக்கொண்டே போகலாம். எலும்பு வெள்ளை. காற்று கறுப்பு. நுரையீரல் காற்று நிறைந்த பை என்பதால் அதுவும் கறுப்பு. அதற்குள் ரத்தக்குழாய்கள் வெள்ளைக் கிளைகளாக ஓடும். தழும்பு விழுந்த இடம் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும். அந்தச் சாம்பல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்து, எழுத்துப் பலகையில் பேனாவை ஓட்டி எல்லை கட்ட வேண்டும். தழும்புக்குச் சிவப்பு, கட்டிக்கு மஞ்சள். ஒரு படம் முடிந்தால் அடுத்தது. முந்தைய படத்தில் போட்ட கோட்டை அப்படியே கீழே இறக்கி, ஓரங்களை மட்டும் இழுத்துச் சரிசெய்யலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

எங்களுக்கு மேலே இருந்த மேடம் மட்டும் அதை விரும்ப மாட்டார். மைசூர்க்காரர், ஸ்கேன் படங்களோடு பல வருஷம் பழகியவர், எங்களோடு கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். “மேல் படத்தை நம்பபேடம்மா. இந்தப் படத்துல என்ன இருக்கு, அதப் பாரு” என்பார்.

இரண்டு விதிகளை முதல் வாரத்திலேயே எங்கள் தலையில் ஏற்றிவிட்டார். ஒன்று, குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய புள்ளிகளை விட்டுவிட வேண்டும். அவற்றையெல்லாம் வரையப் போனால் எந்த அடுக்கும் முடியாது. மற்றது, எது என்ன நோய் என்று நாங்கள் வாய் திறக்கக் கூடாது. “நாம வரையறவங்க, அஷ்டே, அவ்வளவுதான். சொல்றது டாக்டர் வேலை.”

என் கோடுகள் சுத்தமாக இருந்தன. ஒரே அடுக்கை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து வரையச் சொல்லி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவார்கள். என் வரைவும் மேடத்தின் வரைவும் அநேகமாக ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்துவிடும். அதைப் பார்த்த அன்றைக்கெல்லாம் மாமாவின் எருது எனக்கு ஞாபகம் வரும். போனில் அம்மாவிடம், “மேடம் கோடும் என்ற கோடும் ஒண்ணா இருந்துச்சும்மா” என்பேன். அம்மா, “சாப்புட்டயா?” என்பாள்.

நாங்கள் வரைந்தவை தூசு படிந்த நுரையீரல்கள். கல் உடைக்கிறவர்கள், சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பெயர், ஊர் எல்லாவற்றையும் நீக்கி ஓர் எண்ணை மட்டும் வைத்திருப்பார்கள். கல் என்ற சொல் என் காதில் விழாமலில்லை. ஆனால் பாடம் கேட்பதுபோல் கேட்டேன். பரீட்சையில் வரும் கல் வேறு, அப்பா தலைமுடியில் வீட்டுக்குக் கொண்டுவரும் கல் வேறு என்று மனம் எப்படியோ தடுப்புச்சுவர் எழுப்பி வைத்திருந்தது.

அதை இடித்தது ஒரு தாயத்து.

ஒருநாள் காலையில் புதிய அடுக்கைத் திறந்தேன். முதல் சில படங்களில் கழுத்துக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு சின்ன உருளை. அதிலிருந்து நாலாபுறமும் கீற்றுகள் பீய்ச்சியடித்தன. உலோகம் குறுக்கே வந்தால் ஸ்கேனில் அப்படித்தான் விழும். கழற்றச் சொல்லியிருப்பார்கள், அந்த மனிதர் கழற்றவில்லை. பெயரை அழித்தவர்களால் தாயத்தை அழிக்க முடியவில்லை. சக்கரத்தை உருட்டினேன். தோள் வந்தது. வலது தோளின் சதை இடது தோளைவிடத் தடித்திருந்தது. அதற்கும் கீழே நுரையீரலின் மேல்பாகம். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும், சுண்ணாம்பு அப்பியதுபோல் பெரிய சாம்பல் கட்டிகள்.

அப்பாவின் கழுத்தில் மாதேஸ்வரன் மலையிலிருந்து வாங்கிவந்து கட்டிய தாயத்து இருக்கிறது. அவருடைய வலது தோளும் தடித்தது. டிரில்லைத் தூக்கித் தூக்கித் தடித்தது. அப்பா இதுவரை ஸ்கேன் எடுத்ததே இல்லை, இது அவராக இருக்க வழியில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேனாவை வைத்த இடத்திலிருந்து கை நகரவில்லை.

மேடம் பின்னால் வந்து நின்றார். “ஏனாயித்து, என்ன ஆச்சு? கோடு ஏன் நின்னுபோச்சு?”

“ஒண்ணுமில்ல மேடம். காபி குடிக்கல.”

அன்று நான் போட்ட கோடுகள் மேடத்தின் கோடுகளோடு ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு வேலை பழைய வேலையாக இல்லை. ஒவ்வோர் அடுக்கையும் திறக்கும்போது முதலில் கழுத்தைப் பார்ப்பேன். ஊருக்குப் போன் செய்தால் அப்பா பேசுவதை விட்டுவிட்டு, இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் அவர் மூச்சு எடுக்கும் சத்தத்தைக் கேட்டேன்.

“மைசூர் வாங்கப்பா. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம்.”

“ஆருக்குத்தான் இருமலு இல்ல கண்ணு? பனிக்காலம்.”

“இது ஆடி மாசம்ப்பா.”

“அதாஞ் சொல்றேன், ஆடிக்காத்து.”

அவர் சிரித்தார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சிரிப்பு எங்கே முடிகிறது, இருமல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் எனக்கு எல்லை கட்டுகிற வேலைதான்.

கடைசியில் அம்மாதான் அவரைக் கிளப்பினாள். மாதேஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டதாகவும், ஸ்கேன் எடுக்காமல் இருந்தால் சாமிக்குப் பொய் சொன்னதாகிவிடும் என்றும் அவரை மடக்கினாள். மேடம் எனக்கு ஒரு நெஞ்சு மருத்துவரிடம் நேரம் வாங்கித் தந்தார். துணைக்கு மாமாவும் வந்தார். “மச்சானத் தனியா உட்டா மைசூர்ல ஆராவது அரமனையவே இவருக்கு வித்துருவாங்க” என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சத்தமாகச் சொன்னார். காலையில் ஸ்கேன், மாலையில் டாக்டர் என்று ஏற்பாடு.

ஸ்கேன் அறைக்கு வெளியே அப்பா தாயத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். கயிறு வேர்வையில் நனைந்து உடம்புச் சூட்டோடு இருந்தது. கதவு மூடியதும் அதை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

அறிக்கை மாலையில்தான் வரும் என்றார்கள். படங்களை மட்டும் பென்டிரைவில் போட்டுத் தரும்படி கேட்டேன், தந்தார்கள். அதைக் கேட்டிருக்கவே கூடாது. மருத்துவமனை வளாகத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமென்ட் பெஞ்சு ஒன்று இருந்தது. அப்பாவும் மாமாவும் எதிர்க்கடைக்குச் சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த எழுத்துப் பலகையையும் பேனாவையும் எடுத்து வைத்து லேப்டாப்பைத் திறந்தேன்.

எத்தனையோ பேருடைய நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறேன். இப்படி இறங்கியதில்லை. கழுத்து வந்தது. தோள் வந்தது. வலது தோள் தடித்துத்தான் இருந்தது. நுரையீரலின் உச்சியில் கறுப்பு. அப்பாடா என்று இருந்தது. கட்டி இல்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினேன். வெள்ளைப் புள்ளி ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. நிறுத்தினேன். கை தானாகவே பேனாவை எடுத்தது. வட்டமிட்டு மஞ்சள் நிரப்பினேன். அடுத்த படம். அங்கேயும் புள்ளிகள், ஓரத்தில் சற்றுப் பெரியதாக. வட்டமிட்டேன். அடுத்தது. அடுத்தது. நடு நெஞ்சுக்கு வரும்போது புள்ளிகள் தடித்துக் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. முதுகுப் பக்கம் அடியில் ஒரு சாம்பல் படலம். அதற்குச் சிவப்பு. நிறுத்தவே முடியவில்லை. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பயம் ஏற ஏற இன்னும் சுத்தமாக வரைந்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் நெஞ்சு முழுவதும் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது.

“இதா என்ற நெஞ்சு?”

அப்பா பின்னால் நின்றிருந்தார். கையில் எனக்காகக் காராபாத் உப்புமாப் பொட்டலம்.

நான் மூடியைச் சாத்தவில்லை. சாத்தினால் தெரிந்துவிடும்.

“ஆமாங்கப்பா.”

“வர்ணமெல்லாம் ஆரு போட்டது?”

“நாந்தான். சும்மா. கை பழகறதுக்கு.”

மாமா குனிந்து பார்த்தார். “மாரியம்மன் பண்டிகைக்குச் சீரியல் செட்டு போட்டாப்ல இருக்குது மச்சான் உங்க நெஞ்சு. ஏம்புள்ள, இதுல எது நல்லது, எது கெட்டது?”

“டாக்டர் சொல்லுவாரு மாமா. நாங்க வரையறதோட சரி.”

“அதத்தான நான் அன்னைக்கே கேட்டேன்” என்று மாமா பெஞ்சில் உட்கார்ந்து பல் குத்த ஆரம்பித்தார்.

அப்பா அதற்குப் பிறகு திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆட்களின் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்கிறவர். நான் பொட்டலத்தைப் பிரித்து வாயில் திணித்துக்கொண்டேன். மென்றுகொண்டிருந்தால் முகம் எதையும் காட்டாது என்று நினைத்தேன். உப்பா காரமா என்றுகூடத் தெரியவில்லை.

“நல்லாருக்குதா?” என்றார். எதைக் கேட்டார் என்று யோசிக்காமல், “நல்லாருக்குதுப்பா” என்றேன்.

மாலைவரை அந்த மரத்தடியில் இருந்தோம். மாமா படுத்துத் தூங்கினார். அப்பா வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பிக்கு இன்னும் பள்ளி முடியவில்லை. அம்மாவுக்கு மைசூர் பஸ் ஏறத் தெரியாது. ஆக்ஸிஜன் சிலிண்டரை எங்கள் வீட்டில் எந்த மூலையில் வைப்பது? மேட்டுத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வருமா? அப்பாவுக்கு இன்னும் டாக்டர் பெயர்கூடத் தெரியாது. நான் சிலிண்டருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கன்னடத்தில் பேசினார். எங்களுக்கு அது வேற்று மொழியில்லை. அவர் முதலில் அப்பாவின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு தன்னுடைய கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்து சக்கரத்தை உருட்டினார். உருட்டினார் என்றால், நான் அரை மணி நேரம் இறங்கிய ஆழத்தை அவர் இரண்டு மூச்சில் இறங்கி ஏறினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“சார், நடுவில் அந்தப் புள்ளிகள். நிறைய இருக்கின்றன. ஓரத்தில் பெரிதாகவும் இருக்கிறது.”

அவர் திரும்பிப் பார்த்தார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். நான் வரைந்ததைக் காட்டச் சொன்னார். லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கோடு அழகாக இருக்கிறது” என்றார். “ஆனால் நீ வரைந்திருப்பதில் பெரும்பாலும் ரத்தக்குழாய்.”

அவருடைய திரையில், நான் முதலில் வட்டமிட்ட புள்ளியைக் காட்டினார். மெல்ல உருட்டினார். புள்ளி நகர்ந்தது. நீண்டது. இரண்டாகப் பிரிந்து கிளையாக ஓடியது. கட்டியாக இருந்தால் தோன்றி மறைந்துவிடும். குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. முதல் வாரத்துப் பாடம். ஆனால் வரைகிறவள் ஒவ்வொரு படத்திலும் நிற்கிறாள். நின்று பார்த்தால் குறுக்கே வெட்டுப்பட்ட குழாயும் கட்டியும் ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளிதான். பயந்துபோய் நான் அன்றைக்கு நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

“முதுகுப் பக்கம் சாம்பல் படலம்?”

“மல்லாந்து படுத்திருக்கிறார் அல்லவா? அடிப்பக்கம் கொஞ்சம் அமுங்கும். எல்லோருக்கும் இருக்கும்.” பிறகு கேட்டார்: “நல்ல நுரையீரல் எத்தனை பார்த்திருக்கிறாய்?”

எங்களுக்கு வருகிற அடுக்கெல்லாம் நோய் முற்றியவை. நோயில்லாத நெஞ்சில் எதைச் சுற்றிக் கோடு போட யார் அனுப்புவார்கள்? இத்தனை மாதத்தில் ஒரே ஒரு நல்ல நுரையீரலைக்கூட நான் பார்த்ததில்லை. புள்ளி என்றால் நோய், மங்கல் என்றால் தழும்பு என்றுதான் என் கண் பழகியிருந்தது.

“இதோ பார்” என்று அவர் அப்பாவின் நெஞ்சில் கீழ்ப்பாதிக்கு இறங்கினார். “இது நல்ல நுரையீரல். நன்றாகப் பார்த்துக்கொள்.”

பார்த்தேன். கறுப்பு. அதற்குள் வெள்ளைக் கிளைகள் ஓரம் போகப் போக மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தன. அவ்வளவுதான். வேறு ஒன்றுமே இல்லை. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய நிலத்தையோ அளப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூச்சை விட்ட அந்த நேரத்தில் டாக்டர் மறுபடி மேலே ஏறினார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கினார். “ஆனால் இதை நீ விட்டுவிட்டாய்.”

கறுப்பில் ரவை தூவியதுபோல் மிகச் சிறிய புள்ளிகள். இரண்டு பக்கமும். உருட்டினார். அவை ஓடவில்லை, கிளை விடவில்லை. தோன்றின, மறைந்தன. அடுத்த படத்தில் வேறு சில தோன்றின, மறைந்தன.

“இந்த அளவுக்குச் சிறியதை நாங்கள் வரைவதில்லை, சார். விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள்.”

“உங்கள் வேலைக்கு அது சரி. எனக்கு வேண்டியது இதுதான். இப்படித்தான் தொடங்கும்.”

காலையில் அந்தப் படங்களைக் கடக்கும்போது அப்பாடா என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் அப்பாவிடம் திரும்பினார். கல்தூசு உள்ளே படிந்திருக்கிறது, தொடக்கம்தான் என்றார். வந்தது போகாது. தூசு நின்றால் மெதுவாகலாம்; நின்றே போகும் என்று சொல்ல முடியாது. தூசுக்கே திரும்பினால் தான் செய்ய ஒன்றுமில்லை. இந்த நெஞ்சில் காசநோய் சுலபமாகப் பிடிக்கும் என்பதால் சளிப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

“மூக்குல துண்டு கட்டிக்கிட்டா ஆகாதுங்களா சார்?” என்று மாமா கேட்டார்.

“துண்டில் இது நிற்காது. தண்ணீர் விட்டுக்கொண்டே துளை போட்டால் தூசு குறையும்.”

“குடிக்கறதுக்கே டேங்கர்ல வருதுங்க தண்ணி.”

டாக்டர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களும் அங்கேதானா? நீங்கள் பார்த்துக்கொண்டீர்களா?”

“எனக்கு ஒண்ணுமில்லீங் சார். நான் மேஸ்திரி” என்றார் மாமா. தூசுக்கு ஆள் தராதரம் தெரியும் என்பதுபோல்.

பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் போனோம். இறங்கும்போது அப்பா, “கீழ நல்லாருக்குதுன்னாரில்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாயத்தை மறுபடி அவர் கழுத்தில் கட்டிவிட்டேன்.

சளியில் காசநோய் இல்லை என்று வந்தது. அப்பா சில வாரம் வீட்டில் இருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். இருமல் கொஞ்சம் குறைந்ததுபோல் அம்மா சொன்னாள். அந்த நாட்களில்தான் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. நடந்து முடிந்த கெட்டதைச் சுற்றி எல்லை கட்டிவிடலாம். ரவையளவு புள்ளிகள் இப்போது என்ன செய்கின்றன என்பதை யார் பார்க்க முடியும்? வேலையில் ஒவ்வொரு முற்றிய நுரையீரலையும் பின்னோக்கி உருட்ட முடிந்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். இந்தக் கட்டியும் ஒரு காலத்தில் ரவையாகத்தான் இருந்திருக்கும். அப்போது இவருடைய மகள் எங்கே இருந்தாள்?

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “சொந்த மனுஷங்க படத்துக்குக் கோடு போடக் கூடாதும்மா. கண்ணு கேக்காது” என்றார்.

போன வாரம் அம்மா போன் செய்தாள். அப்பா மறுபடி குவாரிக்குப் போகிறாராம். ஆள் பற்றவில்லை என்று மாமா வந்து கூப்பிட்டாராம். அப்பா அவரிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர்.

உடனே மாமாவைக் கூப்பிட்டேன். பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டது.

“டாக்டர் சொன்னதக் கேட்டீங்கல்ல மாமா?”

“கேட்டேன். படத்துல புள்ளி தெரிஞ்சா வேலய உட்டர்றதா? அப்புடிப் பாத்தா இங்க ஒருத்தன் நிக்கமாட்டான்.”

“அப்பாவ அனுப்பீருங்க மாமா.”

“அம்மிணி, நானும் இங்கயேதான் நிக்கறேன். உங்கப்பனுக்கு முந்தியே வந்தவன்.” மூச்சு வாங்கினார். “எனக்கு என்ன ஆயிப்போச்சு, சொல்லு?” மறுபடி மூச்சு வாங்கினார். “படிச்ச புள்ள நீயே இப்புடிப் பயந்தா?”

பேசி முடித்த பிறகும் போன் என் காதில்தான் இருந்தது. அவர் நகைச்சுவையாகப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எங்கே எங்கே மூச்சுக்காக நிறுத்துகிறார் என்று இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை. முதலில் வந்தவர். எல்லா நாளும் தூசுக்குள் நிற்கிறவர். ஆள் ஒன்று குறைந்தால் தானே டிரில்லைத் தூக்குகிறவர். அப்பாவின் இருமலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நோய் இருமல்கூட இல்லாமல் வந்து நிற்பதைப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் அத்தையிடம், மாமாவின் மனைவியிடம் பேசினேன். மாமா எப்படி இருக்கிறார் என்று மட்டும்தான் கேட்டேன்.

அத்தை தயங்கினார்கள். “ஆருகிட்டயுஞ் சொல்லாத கண்ணு. படுத்தா மூச்சு முட்டுதுங்கறாரு. ரெண்டு மாசமா செவுத்துல சாஞ்சு ஒக்காந்துக்கிட்டேதான் தூங்கறாரு.”

அவர் நெஞ்சின் படத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தை அவர் கண்ணால் பார்க்காதவரை அப்பாவை விடமாட்டார், தானும் அங்கிருந்து நகரமாட்டார். டாக்டர் சொன்னால் நம்பாதவர். நான் சொன்னால் சிரிப்பவர். பார்க்கட்டும். மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பார்க்கட்டும்.

அதே டாக்டரிடம் மாமா பெயருக்கு நேரம் வாங்கிவிட்டேன். நாளைக் காலையில். மாமாவிடம் சொல்லவில்லை, சொன்னால் வீட்டில் இருக்கமாட்டார். மேடத்திடம் விடுப்புக் கேட்டேன், கொடுத்தார். இதை எழுதும்போது பஸ் டி. நரசிபுரா பாலத்தைத் தாண்டிவிட்டது. ஹனூரில் இறங்கி நேராக மாமா வீட்டுக்குத்தான் போகிறேன், அவரைக் கையோடு மைசூருக்கு அழைத்து வர. அவருடைய மாற்றுச் சட்டையைப் பையில் எடுத்து வைத்துவிட்டதாக அத்தை சொன்னார்கள்.